ட்வீட்டருக்கு வந்த குறை

வில்லாபுரத்தில் யார் ரேடியோ வாங்கினாலும், உக்கிரபாண்டி வந்து கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அவர் மில்லில் இருபத்துநான்கு வருடமாகத் தறி மேஸ்திரி. இருநூறு தறிகள் ஒன்றாக அடித்துக்கொள்ளும் கூடத்தில் எந்தத் தறிக்கு நோக்காடு என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயர் மில் வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தபோது கொஞ்சம் உப்பியிருந்தது. "சங்கீதம் எனக்குத் தெரியாது. சத்தம் தெரியும்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்வார், நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து.

எண்பத்துநாலில் காளியம்மன் கோயில் கமிட்டி, குழாய் ஸ்பீக்கரை ஒழித்துவிட்டு சவுண்டு பாக்ஸ் வைப்பது என்று தீர்மானித்தது. உக்கிரபாண்டி வீட்டில் இருக்கும் இரண்டு பெட்டிகளைப் போலவே நாலு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டித் தலைவர் விருமாண்டி கேட்டுப்பார்க்க வருகிறார். இந்த நேரம் பார்த்துத்தான் அவர் பெட்டியில் சலங்கைச் சத்தம் மங்கிப்போயிருந்தது. கோளாறு கிராஸ் ஓவரில் என்று உக்கிரபாண்டி தீர்ப்பு எழுதிவிட்டார். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய சத்தத்தை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடுவது அதுதான்.

சிம்மக்கல்லில் ரேடியோ கடை வைத்திருக்கும் மருது விடிந்ததும் வந்து, இரண்டு பெட்டியையும் திறந்து, பழைய கண்டன்சர்களைக் கழற்றிவிட்டு உசத்தியானதாகப் போட்டான். கேசட் ஓடியது.

"எப்படிண்ணே?"

"கம்பளியப் போத்திவிட்ட மாதிரி இருக்குடா."

ட்வீட்டரை அடக்கி வைக்கும் ரெசிஸ்டரை எட்டு ஓமிலிருந்து நாலாக்கினான், பிறகு இரண்டாக்கினான். ஒவ்வொரு தடவையும் உக்கிரபாண்டி கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்தி, உதட்டைப் பிதுக்கினார்.

"சலங்கை எங்கடா?"

"இருக்குண்ணே."

"எங்க, ஒன் சட்டப் பையிலயா?"

மருது ரெசிஸ்டரையே எடுத்துவிட்டான். அதற்குள் விருமாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியதும் அவர் கை காதுக்குப் போனது. போன கை, வந்த காரியத்தை மறைக்கக் காதைச் சொறிந்தது.

"அருமை மாமா" என்றார்.

"என்னத்த அருமை? ட்வீட்டரே செத்துக் கிடக்கு. மருது, பெரிய ஸ்பீக்கரு ரெண்டையும் கழட்டு. ட்வீட்டரத் தனியாக் கேப்போம்."

மருது தயங்கினான். பிறகு வயரைக் கழற்றினான்.

"பாட்ட எதுக்குடா நிறுத்தின?" என்றார் உக்கிரபாண்டி.

மருது ஓடிக்கொண்டிருந்த கேசட்டைப் பார்த்தான். அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்னக்கொடி, முந்தானையைக் காதில் அடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். "ஈயச் சட்டியக் கரண்டியால சுரண்டுற மாதிரி இருக்கு. பல்லுக் கூசுது. அமத்துங்க."

அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தறிக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. குனிந்து ட்வீட்டருக்கு நேராகக் காதை வைத்தார். அடுத்த வீட்டில் ஈ பறப்பது போல ஏதோ ஒன்று. நோக்காடு பார்க்கும்போதெல்லாம் தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைப்பது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் கண்டுபிடித்தது காதா, கையா?

"எப்பருந்துடா ஒனக்குத் தெரியும்?"

"எட்டு ஓம எடுத்தப்பவேண்ணே." மருது சாலிடரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்றதுக்கென்ன?"

"ஒங்க காதப் போயி நான் எப்படிண்ணே சொல்ல?"

விருமாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப இதே மாதிரி நாலு பெட்டிக்குச் சொல்லிரவா மாமா?"

தலையாட்டினால் போதும். திருவிழா பத்து நாளும் ஊரே பல் கூசிக்கொண்டு அருமை என்று சொல்லும். அவர் பெயர் கெடாது.

"பொறு மாப்ள. மருது, எல்லாத்தையும் பழையபடி மாட்டு. ரெசிஸ்டர ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரு. அன்னக்கொடி, இப்படி உக்காரு. நீ போதும்னு சொல்ற எடத்துல நிறுத்துவான்."

"அத்தைக்கு இதுல என்ன மாமா தெரியும்?"

"அவளுக்குக் கேக்குதுப்பா. எனக்குக் கேக்கல."

எட்டு ஓமில் அன்னக்கொடி காதிலிருந்து முந்தானையை எடுத்தாள். விருமாண்டி அதையும் அருமை என்றார். உக்கிரபாண்டி விரலை உயர்த்தவில்லை. பாட்டு முடிகிறவரை மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.