ஆஸ்பத்திரி வாசலில் முப்பத்தொரு சாவு

ஊரிலேயே மிக ஆபத்தான இடம் எது என்று கண்டுபிடிக்க நகர சபைக்கு நாலு மாதம் பிடித்தது. பதினொரு கூட்டம், வெளியிலிருந்து வரவழைத்த ஒரு நிபுணர், கணக்கில் வராத டீ. கடைசியில் கண்டுபிடித்தே விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல்.

"முப்பத்தொரு சாவு" என்றார் நிபுணர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சபையில் எல்லோருக்கும் அவர் 'எக்செல்'. புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த பட்டியலில் முதல் வரி ரத்தச் சிவப்பாக இருந்தது. "ரெண்டு வருஷத்துல, ஒரே இடத்துல, முப்பத்தொரு விபத்துச் சாவு. ஒரு சாவுக்குப் பத்துப் புள்ளி, ஒரு புகாருக்கு ரெண்டு புள்ளி. மொத்தம் முந்நூத்திப் பத்து. ரெண்டாவதா வர்ற மணிக்கூண்டுக்கு வெறும் நாப்பத்தாறுதான்."

தலைவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். மேஜை தட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "ஆஸ்பத்திரி வாசல்லயே ஜனங்க செத்து விழுந்திருக்காங்க! இத்தனை நாள் நாமெல்லாம் பூப்பறிச்சுக்கிட்டா இருந்தோம்?"

உறுப்பினர்கள் தலைகுனிந்தார்கள். வெட்கத்தில் பாதி, தூக்கத்தில் பாதி.

கடைசி வரிசையில் ஆம்புலன்ஸ் டிரைவர் கை தூக்கினார். 'களப் பணியாளர் கருத்து' என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சார், அந்த முப்பத்தொரு பேருல ஒருத்தர்கூட ஆஸ்பத்திரி வாசல்ல அடிபடல. வேற வேற எடத்துல அடிபட்டாங்க. நான்தான் தூக்கிட்டு வந்தேன். டாக்டர் நாடி பார்த்து 'போயிட்டாங்க'ன்னு சொல்றது ஆஸ்பத்திரியில. அதனால காகிதத்துல ஆஸ்பத்திரின்னு விழுது."

எக்செல் பொறுமையாகச் சிரித்தார். "படிவத்துல 'இறந்த இடம்'னு ஒரு கட்டம்தான் இருக்கு. 'அடிபட்ட இடம்'னு கட்டமே கிடையாது."

"கட்டம் இல்லேன்னா ஒண்ணு போடுங்க."

"படிவம் போன வருஷமே பாஸ் ஆயிடுச்சே."

"சட்டைக் கம்பெனி வாசல்ல மட்டும் ஆறு பேரு சார். பைபாஸ் ரோடு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முந்நூறு பொம்பளைங்க குறுக்கே ஓடுறாங்க. கோடு கிடையாது, விளக்கு கிடையாது. லாரிக்காரன் பிரேக்கையே மறந்துட்டு வர்ற இடம்."

எக்செல் பட்டியலை இழுத்துக் கீழே, கீழே, இன்னும் கீழே போனார். "இதோ. சாவு பூஜ்யம். புகாரும் பூஜ்யம்." அந்த வரி பச்சையாக இருந்தது, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

புகார் எப்படி வரும்? கம்பெனி வாசலில் பெண்களின் செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வேலை விடுவது ஐந்து மணிக்கு. சபையின் புகார் எண் நாலரைக்குப் படுத்துவிடும்.

தலைவர் கனிவாக முன்னால் சாய்ந்தார். அவர் கனிந்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். "தம்பி, ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதே. அந்த ஆறு பேருல ஒருத்தராவது ரோட்டுலயே முடிஞ்சாங்களா?"

"இல்ல சார். ஏழு நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவேன்."

"அங்கதான்யா பிரச்சனையே! நீ இவ்வளவு வேகமாக் கொண்டு போனா அந்த எடத்துக்கு எப்படிப் புள்ளி விழும்?"

சபை சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துச் சிரித்துவிட்டு மறுபடி தூங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து வேகத்தடை போடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

டிரைவர் சிரிக்கவில்லை. அவர் தங்கை அதே சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஆறாவதாகப் போனவள் அவளுடைய பக்கத்து மெஷின்காரி.

இரண்டு வாரத்தில் வேகத்தடைகள் முளைத்தன. சபையின் வேலை எதுவும் அதுவரை இரண்டு வாரத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஜாண் உயரம், குட்டிச்சுவர் மாதிரி. தலைவர் ரிப்பன் வெட்டினார். மறுநாள் இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு டிரைவர் அதன்மேல் போனார். முதல் தடையில் அந்த ஆள் கடவுளைக் கூப்பிட்டார். மூன்றாவதில் அதைக் கட்டியவனின் தாயைக் கூப்பிட்டார். ஐந்தாவதில் சத்தமே இல்லை. கூட வந்த நர்ஸ் கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, மயங்கிட்டாரு. இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள். ஏழு நிமிஷம் ஒன்பதாகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு ஜோடி புதுச் செருப்பு கிடந்தது. நீல வார், வெள்ளை அடி.

"யாரோடது இது?"

"என்னோடதுதாண்ணா. பழசு அறுந்துடுச்சு" என்றாள் தங்கை உள்ளேயிருந்து. "நல்லா இருக்கா?"

"எப்ப வாங்கினே?"

"திங்கக்கிழமை."

"மூணு நாளாச்சு! எங்கிட்ட ஏன் சொல்லல?"

கரண்டியும் கையுமாக அவள் எட்டிப் பார்த்தாள். "ஏன், அரசாங்க கெஜட்ல போடணுமா? செருப்புக்குக்கூட உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"புதுச் செருப்பு வாங்கினா எங்கிட்ட சொல்லு. அவ்வளவுதான்."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் செருப்பையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பெனி வாசலிலிருந்து அழைப்பு வந்தால், போய் இறங்கியதும் ரோட்டில் சிதறிக் கிடப்பதில் அண்ணன் முதலில் எதைத் தேடுவார் என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இரண்டு பேருமே அசையவில்லை.

மறுநாள் ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரைவர் பைபாஸ் ரோட்டுக்குப் போனார். கம்பெனி வாசலுக்கு நேரே ஆம்புலன்ஸைக் குறுக்கே நிறுத்தினார். மேல் விளக்கு சுழன்றது. லாரிகள் கிறீச்சிட்டு நின்றன. முந்நூறு பெண்கள் பேசிக்கொண்டே கடந்தார்கள். பேசிக்கொண்டே கடக்க முடியும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. பத்து நிமிஷம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

காரில் போகிறவர்கள் கொதித்தார்கள். அவர்களுக்குப் புகார் எண் தேவையில்லை. தலைவரின் சொந்த எண் இருந்தது. ஒரே வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று புகார். எக்செல் பெருக்கினார்: முந்நூற்று இருபத்தாறு. பச்சை வரி அடியிலிருந்து கிளம்பி, மஞ்சளாகி, சிவப்பாகி, ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டி உச்சியில் போய் உட்கார்ந்தது. ஆறு உயிரால் முடியாததைப் பத்து நிமிஷத் தாமதம் சாதித்துவிட்டது.

டிரைவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்தார்: 'அஞ்சு மணிக்கு அழைப்பு வரும் இடம் அதுதான். அடிபடுவதற்கு முன்னாலேயே போய்விட்டேன்.'

அவரைக் கழிவுநீர் லாரிக்கு மாற்றினார்கள். ஆபத்தான அந்த இடத்துக்கு அவசரத் தீர்மானம் நிறைவேற்றி, பெரிய பலகை ஒன்று அடித்தார்கள்: 'இங்கே வாகனம் நிறுத்தக் கூடாது.'

பலகையைத் திறந்துவைக்கத் தலைவரே வந்தார். மணி ஐந்து. மேலே போர்த்திய துணியை இழுத்தார். எக்செல் கை தட்டினார். தலைவர் காரில் ஏறி அமர்ந்தபோது கம்பெனிக் கதவு திறந்தது.

முதலில் வந்தவள் நீலச் செருப்புக்காரி. வலதுபுறம் பார்த்தாள். ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கையை நீட்டியபடி நேரே நடந்தாள். லாரி அலறி நின்றது. அவளுக்கும் அதற்கும் நடுவே மூன்று அடி. அவள் முகம் வெளிறிப்போனது, கால் மட்டும் நிற்கவில்லை. பின்னாலேயே இன்னொருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. கும்பல் இல்லை, ஓட்டம் இல்லை, ஒருத்தி பின் ஒருத்தியாக ஒற்றை வரிசை. வரிசையின் வால் கம்பெனிக்குள் எங்கேயோ இருந்தது.

தலைவர் கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, எல்லாரும் மொத்தமா வந்துட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடுமே!"

தங்கை நடு ரோட்டில் நின்று திரும்பினாள். "மொத்தமா ஓடித்தான் ஆறு பேரு போனாங்க."

"இன்னும் எத்தனை பேரும்மா வரணும்?"

"எண்ணிக்குங்க. எண்ணுறதுக்குத்தான் ஆள் வெச்சிருக்கீங்களே."

எக்செல் கீழே பார்த்தார். பின்னால் கார்கள் அரை மைல் நின்றன. தலைவரின் கார் டிரைவர் பொறுமை இழந்து ஹாரனை அழுத்தினார்.

வரிசை நின்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை திருப்பி அந்தக் காரைப் பார்த்தார்கள். ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. அது முழுசாக அடங்கிய பிறகுதான் அடுத்தவள் காலை எடுத்து வைத்தாள்.