அவன் குடித்திருக்கவில்லை

இப்போதெல்லாம் யாரும் எதையும் படிப்பதில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள், முடிந்தது. சாவுச் செய்தி அனுப்பினாலும் அதே விரல், பிள்ளை பிறந்தாலும் அதே விரல். படித்தாயா என்று கேட்டால் ‘சூப்பர் அங்கிள்’ என்கிறார்கள். என்னய்யா சூப்பர்?

பிழைக்க வந்த இந்த ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இருபது வருஷமாக எழுதி வருகிறேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். பட்டறையில் தகரம் அடித்தவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுப்பேன், அச்சகத்தில் பார்த்துக்கொள்வார்கள். இந்த வருஷம் செயலாளராக வந்திருப்பவர் சந்துரு. கோயமுத்தூர்க்காரர், ஹடப்சரில் கம்ப்யூட்டர் வேலை.

“டைப் பண்ணிக் குடுத்துருங்க அங்கிள்.”

“எனக்கு ரேடியோ திருப்பத் தெரியும். அவ்ளோதான்.”

“அப்ப நோட்டைக் குடுங்க. போட்டோ எடுத்தா போனே படிச்சுக்கும்ங்க.”

“என் எழுத்தையா? என் பொண்டாட்டியே படிக்கமாட்டா.”

“அது உங்க எழுத்து மேல கோபமில்லீங்க அங்கிள், உங்க மேல” என்று சிரித்தார். பதினேழு பக்கத்தையும் என் கண் முன்னால் பட் பட்டென்று படம் எடுத்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அதை எழுத எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

அதில் இருந்தது இதுதான். கட்கியில் அப்போது தகரத்தை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறை இருந்தது. முதல் ஷிப்ட் நான், இரண்டாவது ஷிப்ட் சின்னதுரை, ஒரே மெஷின். கை உள்ளே போகாதபடி மறிக்க ஒரு தடுப்பு உண்டு. அதைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டால் வேலை வேகமாக ஓடும். நான் கட்டினேன். வீட்டுக்குப் போகும்போது அவிழ்க்கவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை. நான்கு மணிக்கு அவன் கை போயிற்று, விளக்கு வைக்கும் முன் உயிரும் போயிற்று. மறுநாள் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். ‘சின்னதுரை வாயில் சாராய வாடை அடித்தது’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வாழ்நாளில் குடித்ததில்லை.

அவன் பெண்சாதி அமலா அன்றிலிருந்து குடிகாரன் பெண்சாதி. ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது என்றதும் அவளே நம்பிவிட்டாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலரில் வந்தால் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள், நான் எதிரில் இருக்க வேண்டியதில்லை. அதுதான் என் வீரம்.

நான்காம் நாள் அமலாவே கூப்பிட்டாள். மலரை அச்சுக்குக் கொடுத்துவிட்டு எல்லோர் போனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவள் கட்கியில் ஹிந்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது. போனே வாசித்துக் காட்டியதாம்.

“அவர தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினீங்களாமே அண்ணே. எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே” என்று அழுதாள்.

நான் அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. உடனே சந்துருவைக் கூப்பிட்டேன்.

“உங்க கை நடுங்குனதுல நடுவுல நெறய வரி போனுக்குப் புரியலீங்க அங்கிள். மலருக்கு ஏத்தாப்பல அழகா முடிச்சுக் குடுன்னு அதுகிட்டயே போட்டேன், அதுவே கோத்துருச்சு. கமிட்டில எல்லாரும் அழுதுட்டாங்க.”

“நீ படிச்சியா?”

“ஓட்டிப் பாத்தேங்க.”

“மாத்து.”

“பிரிண்ட் ஆயிருச்சே அங்கிள்.”

நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கோந்த்வா போனேன். அமலா மகள் வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். கதவைத் திறந்ததும் என் காலில் விழப் போனாள். எழுபது வயதுக்காரி.

“உக்காருங்கண்ணே. சாய் போடறேன்.”

“சாயெல்லாம் வேணாம். போன்ல கேட்டது நான் எழுதினதில்ல. மெஷின் சேத்தது.”

“மெஷினுக்கு எங்க வூட்டுக்காரரத் தெரியுமா? அது எப்பிடிச் சேக்கும்?”

நோட்டைப் பிரித்தேன். முப்பத்தெட்டு வருஷமாக வராத வாய், நோட்டைப் பார்த்துப் படிக்கையில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். தடுப்பைக் கட்டினது நான். அவிழ்க்காதது நான். அவன் குடித்திருக்கவில்லை. பொய் எழுதிக் கொடுத்ததும் நான்.

அமலா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அவர் குடிச்சத நீங்க மலர்ல சொல்லவே இல்ல. அப்பவே நெனச்சேன், அண்ணன் மரியாதைக்கு மறைச்சிட்டாருன்னு. இப்ப எனக்காகப் பழிய உங்க தலைலயும் போட்டுக்கிறீங்க.”

“அய்யோ அமலா, அவன் குடிக்கலம்மா! நெஜம்!”

“போன்ல அப்பிடி வரலியேண்ணே.”

“போனைத் தூக்கி அடுப்புல போடு! இதோ பார், என் கையெழுத்து.”

நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் கோணல் கோடு. எழுத்தின் மேல் போனைப் பிடித்தாள். அது கொஞ்ச நேரம் யோசித்து, ‘எழுத்து தெளிவாக இல்லை’ என்றது ஒரு பெண் குரலில். அமலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கும். மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.”

“உன் புருஷன் சாவுக்கு நான் காரணம். திட்டு. ஒரு அறை அறை.”

“அரே, சும்மா இருங்கண்ணே. அவருக்காக நல்லதா நாலு வார்த்த சொன்ன ஒரே ஆளு நீங்கதான். உங்களப் போயா?”

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஹிந்தியில் ஒரு முறை சொன்னேன். அதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டு, “மாமாவுக்குத் தண்ணி கொண்டா, படபடன்னு இருக்காரு” என்றாள். மகள் தண்ணீரோடு வந்து, “போன்ல கேட்டேன் மாமா, சூப்பர்” என்றாள். அமலா போனை மேசைமேல் வைத்து, எனக்குக் கேட்கட்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டத்தை மறுபடியும் ஓட விட்டாள்.

எழுந்து செருப்பை மாட்டினேன்.

“மழ வர்றாப்ல இருக்கு, இருந்துட்டுப் போங்கண்ணே.”

நிற்கவில்லை. படியில் இறங்கும்போதும் கேட்டது. அந்தப் பெண் குரலில், நான் சின்னதுரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அவனுக்குத் தைரியம் வேறு சொல்கிறேன். யார் அந்த ஆள்? நான் பார்த்ததில்லை. ஊரே நம்பட்டும், எனக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. கேட்டைத் திறந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன்.