ஓடைக் கரண்ட்

விக்டோரியா அணைக்கட்டின் மின்கம்பிகள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நேர் மேலாகத்தான் போயின. ஒரு வீட்டுக்குள்ளும் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் வெளிச்சம், நமக்கு மட்டும் குப்பி விளக்கா என்று டொரதிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் புருஷன் கபிரியேல் கண்டியில் மோட்டார் சுற்றும் வேலை பழகியவன். அவள் பிடுங்கிய பிடுங்கலில்தான், தெல்தெனியவுக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்து ஓடையில் ஒரு சக்கரத்தைப் பூட்டி, எல்லா வீட்டுக்கும் கரண்ட் இழுத்தான்.

அவன் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. ஓடை நிற்காது, வருகிற கரண்டை எரித்தே ஆகவேண்டும். மிஞ்சுவதை, பகலில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் இருக்கும் பற்றரிகளில் ஏற்றிக்கொள்ளலாம். எல்லாரும் ஒரேயடியாக அணைத்தால் மட்டும் பற்றரியும் தாங்காது, போக இடமில்லாத கரண்ட் மிச்சமிருக்கிற பல்பில் போய் முட்டும். லயமே மண்டையை ஆட்டியது. மண்டையாட்டுவதில் நம் சனம் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

மழை பிடித்து ஓடை நிறைந்திருந்த நேரம், கொழும்பில் குண்டு வெடித்தது. டவுனில் தமிழ்க் கடைகளுக்குக் கல்லெறிகிறார்களாம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எழுபத்தேழுக் கலவரத்திலிருந்து வந்த பழக்கம்: விளக்கை அணை, பிள்ளையைத் தூக்கு, தேயிலைக்குள் போய்ப் படு. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் அதையே செய்தார்கள். புருஷன் சொல்லை மதித்து டொரதி வீட்டு பல்பு மட்டும் எரிந்தது. அது படாரென்று வெடித்தது. சுட்டுட்டான் என்று பக்கத்து வீட்டு இரத்தினம்மா அலற, ஓடிய ஓட்டத்தில் தோட்டத்துச் சங்கத் தலைவர் இராமையா தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். கடைசியில் வந்தவன் ஒருவனுமில்லை.

மறுநாள் கோயிலடியில் கூட்டம். வெளிச்சம் ஆளைக் காட்டிக் கொடுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்றார் இராமையா. டொரதி எழுந்தாள். மறுபடியும் குப்பி விளக்கா?

"எண்பத்திமூணுல நம்ம லயத்துல ஒரு வெளக்குகூட எரியலீங்க தலைவரே," என்றாள். "அப்பயும் வந்தாங்கதானே. வீட்டக் கொளுத்தி, அந்த வெளிச்சத்துலதான் நம்மளத் தேடுனாங்க."

அன்று எரிந்த வீடுகளில் இராமையாவின் வீடும் ஒன்று.

சனிக்கிழமை மாலை மறுபடி அதே மாதிரிச் செய்தி வந்தது. பயம் யாரை விட்டது? டொரதியின் கையே சுவிட்சுக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இராமையா நொண்டி நொண்டி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். அணைக்கச் சொல்கிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"ஒருத்தரும் அணைக்கக்கூடாது," என்றது அவர் குரல். "இத்தன பேரு முழிச்சிருக்கோம்னு தூரத்துலேயே தெரியட்டும்."

அவர் போன பக்கமெல்லாம் ஜன்னல்கள் எரிந்துகொண்டே இருந்தன. பற்றரிகளைப் பார்த்துவிட்டு வந்த கபிரியேல், எல்லாம் ஒழுங்காக ஏறுகிறது என்றான். டொரதி சோற்றுச் சட்டியை இறக்கினாள். கலவரச் செய்தி வந்த ஒரு மாலையில், அந்த லயம் வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்றது அதுதான் முதல் தடவை.