வாக்கரில் மாட்டும் பை

விசிலிடம் பதில் சொல்ல அக்காவுக்கு மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை. விசில் என்பவர் அவள் முன்பு வேலை பார்த்த துணிக் கம்பெனியின் சூப்பர்வைசர். தண்ணீர் குடிக்கப் போகிற பெண்களை விசில் ஊதி மெஷினுக்குத் திரும்ப அழைக்கிற புண்ணியவான். அந்தச் சத்தம் போதும் என்றுதான் அக்கா வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் சொந்தமாக மெஷின் போட்டு விதவிதமாகப் பை தைக்க ஆரம்பித்தாள். அவற்றை இணையத்தில் கடை போட்டு விற்பது தங்கையின் பொறுப்பு. "நீ தை, விக்கிறது என் பாடு" என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

பை நகரவில்லை. அது எப்படியோ விசிலின் காதுக்கும் எட்டி, அவரே போன் செய்தார். "உன் மெஷின் காலியாத்தான் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வந்தா இடம், இல்லேன்னா வேற ஆளு." அக்கா திரும்பிப் போக வேண்டி வந்தால் அதற்குத் தான்தான் காரணம் என்று நினைத்து நினைத்துத் தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கடை நடத்தவில்லை. கடைப் பக்கத்தின் மேலே ஒரு தேடல் பெட்டி உண்டு. வருகிறவர்கள் அதில் எதைத் தட்டித் தேடினார்கள் என்பதெல்லாம் அவளுடைய கணினியில் பதிவாகும். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து அதைப் படிப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. அதில் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு உச்சியில் நின்றது 'கண்ணாடி பை'. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் வைத்துத் தைத்த தோள்பை அது. ஊரே கேட்கிறது என்று நம்பி, இருந்த துணியையெல்லாம் கண்ணாடிப் பைக்கே போட்டார்கள். ஊசி குத்திக் குத்தி அக்காவின் விரலெல்லாம் புண்ணாயிற்று. சோபாவில் பை, பீரோ மேல் பை, ஃபிரிட்ஜ் மேல் பை. ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தேடல் ஏறிக்கொண்டே போனது. வாங்கத்தான் ஒரு ஜீவன் இல்லை.

"தேடுறாங்க, பாக்குறாங்க, போயிடுறாங்க. என்ன மாயம்னே புரியலக்கா" என்றாள் தங்கை. அக்கா பல்லால் நூலை வெடுக்கென்று அறுத்தாள்.

அத்தான் பஸ் டிரைவர். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர், சோபாவில் பைகளை ஒதுக்கி இடம் பிடித்து உட்கார்ந்து போனை எடுத்தார். தண்ணீர் கொண்டு வந்த தங்கை எதேச்சையாகத் திரையைப் பார்த்தாள். அவர்களுடைய கடை திறந்திருந்தது. அத்தான் ஒற்றை விரலால் பொறுமையாக 'கண்ணாடி பை' என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"நம்ம கடைக்குத்தாம்மா போறேன். தினம் போவேனே."

"எதுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? ஆள் இல்லாத கடைக்குள்ள யாராவது நுழைவாங்களா? நாலு பேரு நின்னாத்தான் அஞ்சாவது ஆளு எட்டிப் பாப்பான். டெப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வண்டி எடுக்கும்போது ஒரு தடவ, இறங்குனதும் ஒரு தடவ. கண்டக்டருங்க இன்னும் ஜாஸ்தி. பாவம், சலிக்காம பண்றாங்க."

"எல்லாரும் கண்ணாடி பையா?"

"உங்கக்கா மொதமொதல்ல தச்சது அதுதானே" என்றார் அத்தான். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

இவ்வளவு பாசத்தோடு ஒரு வியாபாரத்தைக் கவிழ்த்த மனிதரைத் தங்கை அதுவரை பார்த்ததில்லை. கோபப்படவும் முடியவில்லை. மெஷினுக்குப் பின்னாலிருந்து அக்கா மெதுவாக எழுந்தாள்.

"ஏங்க, இத்தனை நாளா நான் ஊசியில குத்துப்பட்டது உங்க டெப்போவுக்காகவா?"

அத்தான் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார்.

தங்கைக்கு ஒரு பக்கம் தலை சுற்றினாலும் மறுபக்கம் மூளை விழித்துக்கொண்டது. கணினி முன் உட்கார்ந்து, தங்கள் ஊரிலிருந்து வந்த தேடல்களை மொத்தமாகக் கழித்தாள். கண்ணாடிப் பை மாயமாய் மறைந்தது. மீதி அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. ஆனால் அந்த மிச்சத்தில் ஒன்று அவள் கண்ணைக் குத்தியது. 'வாக்கர் பை.' 'வாக்கரில் மாட்டும் பை.' 'அம்மா வாக்கருக்குப் பை.' முதியவர்கள் இரண்டு கையாலும் பிடித்து நடக்கிற இரும்புச் சட்டத்துக்கு யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ பை கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நேரே 'பொருள் இல்லை' என்று கடை கூசாமல் பதில் சொல்லி அனுப்பியிருந்தது. ஒருவர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய், சில நாள் கழித்து மறுபடியும் வந்து கேட்டிருந்தார். அப்படித் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுகிறவர் பொழுது போகாமல் வந்தவர் இல்லை என்று அவளுக்குப் பட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இந்த முறை அவசரப்படவில்லை. வெளியே பெரிய தேடுதளத்தில் மக்கள் இதை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தாள். கூட்டம் பெரிதில்லை, ஆனால் எந்த மாதமும் குறையவில்லை. பெரிய கடைகளில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிற மாதிரி கறுப்பு மூட்டைகள்.

"புடிச்சுக்கிட்டு நடக்குறவங்களுக்குப் பை எதுக்குடி?" என்றாள் அக்கா.

"ரெண்டு கையும் வாக்கர்ல இருக்கு. மூக்குக்கண்ணாடி, போனு, மாத்திரையெல்லாம் எதுலக்கா எடுத்துட்டுப் போவாங்க?"

அக்கா அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அளவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது அத்தான்தான்; செய்த பாவத்துக்குப் பரிகாரம். டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இடுப்பு எலும்பு முறிந்து வாக்கரில் நடந்துகொண்டிருந்தார். முதல் பையை மாட்டித் தண்ணீர் பாட்டிலைப் போட்டதும் வாக்கர் முன்னால் சாய்ந்தது, பை அவர் முட்டியில் இடித்தது. "இதுக்கு நானே தேவலாம்மா, ஆடாம நிக்கிறேன்" என்றார். அக்கா முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்தாள். அடுத்த பை சட்டத்தோடு ஒட்டிப் படுத்தது. இரண்டு ஓரமும் நாடாவால் இறுகக் கட்டி, பாரம் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி பைக்குள் பைகள். மூக்குக்கண்ணாடி கீறாமலிருக்க உள்ளே மெத்தென்ற துணி. டைம்கீப்பர் எழுந்து சமையலறைக்குள் போனார். டீ பிளாஸ்க்கைத் தானே பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடுப்பு போனதுலேர்ந்து ஒரு வாய் டீக்கும் மருமகளக் கூப்பிட வேண்டியிருந்துச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பையைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

தேடியவர்கள் தட்டிய சொற்களையே பொருளின் பெயராகப் போட்டு, மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் படம் எடுத்துத் தங்கை கடையில் ஏற்றினாள். டெப்போக்காரர்கள் ஒருத்தரும் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கினாள். மதியமே முதல் ஆர்டர் வந்தது. அவர்கள் யாரும் காலடி வைக்காத ஏதோ ஓர் ஊர். மாலையில் இன்னொன்று. ஒருத்தி அம்மாவுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று வாங்கிவிட்டு, 'இரண்டும் ஒரே நிறமாக அனுப்புங்கள், எனக்கு நிம்மதி வேண்டும்' என்று குறிப்பு எழுதியிருந்தாள். அந்த வாரத்துக்குள் புதிதாக வாங்கிய துணியும் தீர்ந்தது. வலி வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாகக் கேட்டாள். தங்கை திரையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், பிறகு காரணமே இல்லாமல் அழுதாள்.

மாதக் கடைசியில் விசில் போன் செய்தார். அக்காவின் கை தையலில் இருந்ததால் தங்கைதான் போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, திங்கக்கிழமை வந்துடுற இல்ல?"

"இல்ல சார், வரல."

"நல்லா யோசிச்சியா? அப்புறம் அழுதாலும் இடம் கிடைக்காது."

"யோசிச்சுட்டேன் சார். என் பக்கத்து மெஷின்ல இருந்தாளே, இன்னைக்கு உடம்பு சரியில்லேன்னு லீவு சொன்னாளே..."

"ஆமா, அவளுக்கென்ன?"

அக்கா நிமிர்ந்து அறையின் மறுகோடியைப் பார்த்தாள். நேற்று வந்து இறங்கிய இரண்டாவது மெஷினில், மஞ்சள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளும் வரமாட்டா சார்" என்றாள் அக்கா. "இங்கதான் இருக்கா. தண்ணி குடிக்கணும்னா எழுந்து போய்க் குடிச்சிட்டு வர்றா."