நகராத வேன்

லோஜினியைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தும்போதே பிரசவ வலி அடுத்தடுத்து வர ஆரம்பித்துவிட்டது. பூரணி வேனை ஸ்டார்ட் செய்தாள். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை இழுத்தாள். அது அசையவில்லை. பலங்கொண்டு இழுத்தும் அசையவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்னாச்சு?" என்றான் அழகுமுத்து. லோஜினியின் கணவன், பூரணியின் அண்ணன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக அவள் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கியர் வேனை வாங்கிய நாளிலிருந்து அவளோடு முகங்கொடுத்துப் பேசாதவன். நோர்வூட்டிலிருந்து வருவதாகச் சொன்ன ஆட்டோ பனிமூட்டத்தில் வராமல் போகவே, வேறு வழியின்றி இதில் ஏற்றியிருந்தான்.

"கியர் பூட்டிக்கிருச்சு. பின்னாடி போயி பிரேக் லைட் எரியுதான்னு பாருண்ணே."

"இந்த நேரத்துல லைட் எதுக்குடி?"

"பிரேக் மிதிச்சது வண்டிக்குத் தெரிஞ்சாத்தான் கியர் விடும். போ!"

எரியவில்லை. எல்லா பல்பும் ஒரே நேரத்தில் போகாது. பியூஸைக் கழற்றி, ஹார்னுக்கு உரியதை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"பூரணி... என்னால முடியல" என்றாள் லோஜினி.

"இந்தா அண்ணி, கெளம்பிட்டோம்."

சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். பெடல் காம்புக்கு மேலே சின்னதாக ஒரு சுவிட்ச். அதன் பிளக்கைக் கழற்றினாள். இரண்டே வயர். கொண்டை ஊசியை உருவி வளைத்து, இரண்டு துளைகளையும் சேர்த்துச் செருகினாள். முதல் தடவை ஊசி நழுவியது. மறுபடி செருகினாள்.

"எரியுது! பூரணி, எரியுது!" பின்னாலிருந்து அழகுமுத்து கத்தினான்.

செத்திருந்தது சுவிட்ச்தான். கியர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஆனால் இனி அந்தச் சிவப்பு அணையாது. அவள் எப்போது வேகத்தைக் குறைக்கிறாள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. ஊசியை எடுத்தாலோ வெளிச்சமே இருக்காது. தார் ரோட்டில் ஏறியதும் ஒரு பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டபோது அதைச் சொன்னாள். அழகுமுத்து பின்புறம் நகர்ந்து, ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினான்.

"பிரேக் புடிக்கிறப்ப சொல்லு. நான் காட்டுறேன்."

"புடிக்கிறேன்!" ரோடு வளையும் ஒவ்வொரு முடக்கிலும் அவள் கத்தினாள். ஒவ்வொரு முறையும் அவன் கை பனிக்குள் மேலும் கீழும் அசைந்தது. ஓரிடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது.

"அண்ணே, புடிக்கிறேன்!"

அவன் இடுப்புவரை வெளியே சாய்ந்து கையை வீசினான். பஸ்ஸின் டயர்கள் கிறீச்சிட்டன. அதன் விளக்கு வேனுக்குள் நிறைந்து, அப்படியே நின்றது. லோஜினி கண்களை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. அழகுமுத்து சுவரோரம் நின்றான். குளிரில் விறைத்துப்போன கையை அவனால் மடக்க முடியவில்லை. பூரணி அதைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே லோஜினி ஒருமுறை உரக்கக் கத்தினாள். பூரணி தேய்ப்பதை நிறுத்தவில்லை; இருவரும் கதவைப் பார்த்தார்கள்.