எல்லம்மாளுக்கு வந்த கடல்

சித்திரைப் பௌர்ணமியன்று காலையில் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேல் கடல் ஏறி வந்தது. மரக்காணத்து உப்பங்கழியிலிருந்து புறப்பட்டு, திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் என்று பஸ் வருகிற வழியிலேயே வந்ததாகப் பிறகு தெரிந்தது. உப்புத் தண்ணீர்தான், நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மடவை மீன் துள்ளியது, நீர்மோர்ப் பந்தலின் மூங்கில் கால்களில் நுரை ஒட்டியது, பலூன் விற்கிறவனின் தூக்குப் பையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. இதில் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போகும். வாயைப் பிளக்க வேண்டிய காரியம் அதற்கு முந்தின நாள் நடந்தது, அதற்கு ஊரில் ஒருவரும் பிளக்கவில்லை.

முந்தின நாள் மத்தியானம் காலனியில் எல்லம்மாள் செத்துப்போனாள். கிரிவலப் பாதையில் துப்புரவு வேலை பார்த்தவள். வாயு லிங்கத்திலிருந்து காலனி முகப்பு வரை அவளுக்கு ஒதுக்கிய துண்டு. ஒவ்வொரு பௌர்ணமியும் கழிந்த விடியலில் அன்னதானத் தட்டு, தண்ணீர் பாட்டில், அறுந்த செருப்பு, யாரோ கொப்புளத்துக்குச் சுற்றிக் கழற்றி எறிந்த கால்கட்டு என்று லட்சம் பேர் புண்ணியம் தேடிவிட்டுப் போட்டுப் போனதையெல்லாம் கூட்டி அள்ளுவாள். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மலையை முழுசாகச் சுற்றியதில்லை. மற்றவர்கள் சுற்றுகிற நாளில் அவளுக்கு வேலை, மற்ற நாட்களில் இடுப்பு வலி. "அடுத்த பௌர்ணமிக்குப் பாத்துக்கலாம்டி" என்று மகள் மணிமொழியிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவள், பௌர்ணமிக்கு முந்தின நாள் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள்.

காலனியின் இடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் முப்பது அடி தார் ரோடு. மூச்சை அடக்கிக்கொண்டு பாடையைத் தூக்கினால், மூச்சு முட்டுவதற்குள் கடந்துவிடலாம். அந்த முப்பது அடியை விட முடியாது என்றார் கோதண்டராமன். அவர் பௌர்ணமி பக்தர் வசதிக் குழுவின் தலைவர். குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான், தன்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். கையில் ஒரு மைக், கழுத்தில் ஓர் அட்டை, வேறு அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டார்கள். இப்படித்தான் நம் ஊர்களில் பல சட்டங்கள் பிறக்கின்றன.

"ஜனம் ஜாஸ்தியா வருதும்மா. சாமி கும்பிட வர்றவங்க எதிர்ல பொணம் வந்தா இன்னா நெனைப்பாங்க? ரெண்டு நாள்தானே, வெச்சிக்கினு இருங்க" என்றார்.

மணிமொழி கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் ஆசிரியை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள். "வெயில் காலங்க. ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் நிக்க மாட்டேங்குது. குறுக்கால ஒரே எட்டுல தாண்டிட்றோம். மோளம்கூட வேணாங்க" என்று கேட்டுப் பார்த்தாள். கோதண்டராமன் தலையை ஆட்டிவிட்டு, தொலைந்துபோன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தை மைக்கில் அறிவிக்கப் போனார். மோளம் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்பதுதான் மணிமொழிக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆறாமல் இருந்தது.

மறுநாள் காலையில் ஐஸ் பெட்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. எல்லம்மாளின் புருஷன் தசரதன் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு எடுக்காவிட்டால் எடுக்கிற நிலையில் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் கடல் வந்தது.

நடந்துகொண்டிருந்த பக்தர்களுக்கு அது கணுக்கால் அளவுதான் இருந்தது. வேட்டியையும் புடவையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்தாமல் நடந்தார்கள். அதே இடத்தில், அதே நேரத்தில், ஒரு பைபர் படகு மிதந்து வந்து காலனி முகப்பில் நின்றது. அதற்குள்ளிருந்தவன் கம்பை விட்டுப் பார்த்தான், தரை தட்டவில்லை. அவன் பெயர் அன்பரசன், மரக்காணத்துப் பக்கம் மீன்பிடிக்கிறவன். கழியில் படகைக் கட்டிவிட்டு அதிலேயே கண்ணயர்ந்தவன், விழித்தபோது எதிரே மலை நின்றது.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்டான். சொன்னார்கள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். முகப்பில் கொண்டுவந்து வைத்திருந்த பாடையைப் பார்த்தான். "எங்க எறக்கணும்?"

"எதிர்க்கதாம்பா, இதோ இங்க" என்று கையைக் காட்டினார் தசரதன்.

பாடையை ஏற்றினார்கள். தசரதனும் மணிமொழியும் ஏறிக்கொண்டார்கள். எஞ்சின் இழுத்துப் பார்த்தும் எடுக்கவில்லை. அன்பரசன் எதிர்க்கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டான். படகு இடது பக்கம் திரும்பி, வருண லிங்கத்தைப் பார்த்துப் போகத் தொடங்கியது. நீரோட்டம் அப்படி. உயிரோடிருப்பவர்கள் மலையை வலமாகச் சுற்ற வேண்டும். சாவுக் காரியத்தில் எதையும் இடமாகத்தான் சுற்றுவது வழக்கம், நீர்க்குடம் உடைக்கிறவன்கூட அப்படித்தான் சுற்றுவான். கோதண்டராமன் மறந்தாலும் தண்ணீர் மறக்கவில்லை.

கூட்டம் முழுக்க ஒரு பக்கம் போக, படகு மட்டும் அதற்கு எதிராகப் போவதைக் கண்டு கோதண்டராமன் துடித்துப்போனார். மைக்கில் கத்தினார். பின்னாலேயே ஓடிப் பிடித்திருக்கலாம், நாலு எட்டுத்தான். ஆனால் படகின் பின்னால் ஓடினால் அவரும் இடமாகப் போக வேண்டும், அது பாவம். அதனால் வலமாகவே போய் எதிரில் மடக்குவது என்று முடிவு செய்து, கூட்டத்தோடு வேகமாக நடந்தார்.

வருண லிங்கத்தில் மழை பிடித்தது. படகின் நீள அகலத்துக்கு மட்டும் பெய்த மழை அது. தசரதன் நனைந்த துண்டால் மனைவியின் முகத்தைத் துடைத்துவிட்டார். நிருதி லிங்கத்தில் வெள்ளையாக மூட்டம் இறங்கி, மலையே தெரியாமல் போயிற்று. எம லிங்கத்துக்கு எதிரே காற்றும் நின்றது, தண்ணீரும் நின்றது. அன்பரசன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தான். "பயப்படாதீங்க, இங்க கொஞ்சம் நின்னுதான் போகும்" என்றான், நேற்றும் இதே வழியில் போனவனைப் போல. அக்கினி லிங்கத்தருகே வெயில் அடித்த அடியில் தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பியது, படகின் விளிம்பில் கை வைக்க முடியவில்லை. எல்லம்மாளின் உடம்பு என்ன ஆகுமோ என்று மணிமொழி முந்தானையை விரித்து வெயிலை மறைத்தாள். அங்கேதான் கோதண்டராமனும் எதிரே வந்து சேர்ந்தார், சட்டை முழுக்க வேர்வை. "நிறுத்துய்யா!" என்று கையைத் தூக்கினார். அவர் கைக்குக் கட்டுப்பட்டே பழகிய ஊரில் அன்றைக்கு முதல் தடவையாக ஒன்று கட்டுப்படவில்லை. படகு அவரைக் கடந்து போயிற்று. திரும்பித் துரத்தினால் இடமாகிவிடும். பாவம், மனிதர் மறுபடியும் வலமாகவே நடந்தார்.

இந்திர லிங்கத்தை நெருங்கும்போது இடி இடித்து ஆலங்கட்டி மழை கொட்டியது. புளியங்கொட்டை அளவுக் கட்டிகள் பாடைக்குள் விழுந்து, எல்லம்மாளைக் கழுத்து வரை மூடின. இரண்டு நாளாக ஐஸ் பெட்டி செய்யாததை வானம் ஒரு நிமிஷத்தில் செய்து முடித்தது. ராஜகோபுரத்துக்கு எதிரே படகு தானாகத் தலையைத் திருப்பி, கொஞ்ச நேரம் நின்றது. "பாத்துக்கோ எல்லம்மா, நல்லாப் பாத்துக்கோ" என்றார் தசரதன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக அழுதார்.

ஈசானியத்தில் வானம் வெளுத்தது. குபேர லிங்கத்தில் மஞ்சள் வெயில் வந்தது. வாயு லிங்கம் தாண்டியதும் பின்னாலிருந்து காற்று எழுந்து, மிதந்த தட்டுகளையும் பாட்டில்களையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டே படகுக்கு முன்னால் போயிற்று. அது அவள் கூட்டிய துண்டு. அன்றைக்குத்தான் யாரோ அவளுக்காக அதைக் கூட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் படகு இடுகாட்டுப் பக்கம் தட்டி நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கியது. காலனி ஜனங்கள் ஈர ரோட்டைக் கடந்து ஓடி வந்தார்கள். சுற்றி முடித்த கோதண்டராமன் கொப்புளம் வெடித்த காலோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு எடுத்திருக்கலாம்லம்மா" என்றார், அப்போதும்.

மணிமொழி அவர் எதிரில் போய் நின்றாள். "முப்பது அடி கேட்டோம் சார். குடுக்கல. எங்கம்மா இப்ப முழு ரோட்டையும் சுத்திட்டு வந்துட்டாங்க." பிறகு காலனிப் பக்கம் திரும்பி, அதுவரை யாரும் கேட்டிராத குரலில், "மோளம் எங்க? அடிங்க!" என்றாள்.

அன்பரசன் வடிகிற தண்ணீரோடு ஊர் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு, காலனியில் யாராவது பௌர்ணமியன்று இறந்தால், அந்த முப்பது அடியில் கடல் வந்து நிற்கிறது. பாடை கடந்ததும் போய்விடுகிறது. மனுஷிக்கு நிற்காத கூட்டம் தண்ணீருக்கு நிற்கிறது. மைக் இன்னும் கோதண்டராமனிடம்தான் இருக்கிறது. பிணம் வருகிறது, வழி விடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பக்தர்கள் சற்று நிற்கவும், அலை வருகிறது" என்று அறிவிக்கிறார். மோளம் முன்னால் போகிறது.