மிதக்கும் வீட்டின் வராந்தா

மகள் ஜிஸ்மி கட்டிக்கொடுத்த வீட்டின் மேல் ஏலிக்குட்டிக்கு நம்பிக்கை இருந்தது, பிரியம் இல்லை. தேக்கு உத்தரமும் கல் சுவருமாக மாமனார் காலத்தில் எழுந்த வீடு குட்டநாட்டுச் சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெரிய வெள்ளத்து வருஷம் நடுவே பிளந்து நின்றது. அதை இடித்த இடத்தில் ஜிஸ்மி வைத்தது வேறு ஜாதி வீடு. அடியில் காற்றடைத்த பிளாஸ்டிக் டிரம்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் மூங்கில் பலகைச் சுவர். நான்கு மூலையிலும் ஆழமாக நட்ட இரும்புக் கம்பங்கள். தண்ணீர் ஏறினால் வீடு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும், தண்ணீர் வடிந்தால் இருந்த இடத்திலேயே வந்து உட்காரும்.

ஜிஸ்மி கொச்சியில் கட்டடப் பொறியாளர். வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் கிழக்கே மலையை வெட்டி லாரியில் கொண்டுவந்து இங்கே மேடு போடுகிறார்கள், மலையை வெட்ட வெட்ட வெள்ளம் இன்னும் வேகமாக வருகிறது, இந்தக் கூத்து என்றைக்கு முடியும் என்று கேட்பாள். இந்த வீட்டுக்கு ஒரு லாரி மண்கூட வரவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. ஊர்க்காரர்கள் அதற்கு டிரம் மாளிகை என்று பெயர் வைத்தார்கள். வயலைச் சுற்றிய வெளிவரம்பில் குடியிருக்கும் உத்தமன் தன் வள்ளத்தில் போகும்போதெல்லாம் துடுப்பை நிறுத்தி, "கொச்சம்மா, நங்கூரம் போட்டாச்சா?" என்று ஏலிக்குட்டியிடம் விசாரிப்பான்.

கிண்டல் செய்தாலும் உத்தமனுக்கும் அந்த வீடு மிதந்தாக வேண்டும். இது சோதனை வீடு. பட்டா உள்ள நிலத்தில்தான் முதல் வீடு கட்டலாம் என்று பஞ்சாயத்து சட்டம் பேசியதால் ஏலிக்குட்டியின் இடத்தில் வந்தது. இந்த மழையில் இது ஒழுங்காக எழும்பினால் வெளிவரம்பில் வருஷா வருஷம் மூழ்கும் பன்னிரண்டு குடிசைகளுக்கும் இதே மாதிரி வீடு கிடைக்கும். எழும்பாவிட்டால் பஞ்சாயத்து அந்தக் காகிதங்களை மூட்டை கட்டிவிடும். உத்தமனின் அம்மா காளிக்குட்டியின் குடிசையும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

வராந்தா ஏலிக்குட்டியின் பிடிவாதம். ஜிஸ்மியின் வரைபடத்தில் அது இல்லை. வராந்தா இல்லாத வீடு வீடா, வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று அவள் கேட்க, மகள் சலித்துக்கொண்டே மேற்கில், தோடு என்னும் வாய்க்காலின் பக்கமாக ஒன்றைச் சேர்த்தாள். காற்றுக்காக அம்மா கேட்கிறாள் என்று நினைத்தாள். வருகிறவர்கள் என்று ஏலிக்குட்டி சொன்னது காளிக்குட்டி மாதிரி ஆட்களை. கல்யாணமாகி ஏலிக்குட்டி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காளிக்குட்டி அவர்கள் வயலில்தான் வேலை செய்தாள். நாற்று நட்டாள், களை எடுத்தாள், ஜிஸ்மி பிறந்தபோது துணியும் துவைத்தாள். வேலை முடிந்தால் வராந்தா ஓரத்தில், காலைப் படியில் வைத்தபடி உட்கார்ந்து பால் விடாத கட்டன்காப்பி குடிப்பாள். அவளை உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அது யாருடைய மனசிலும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

கர்க்கடக மாதம் பாதி கடந்தபோது கிழக்கே மழை கொட்டியது. ஒரு முற்பகலில் வரம்பு உடைந்தது. வயல் நிரம்பி முற்றத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் உத்தமன் வள்ளத்தை இரண்டு நடை அடித்து, அம்மாவையும் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பள்ளிக்கூட முகாமுக்குப் போகும் படகு இன்னும் வரவில்லை, கிட்டத்தில் இருக்கும் இடம் இதுதான். அரிசி மூட்டை, தார்ப்பாயில் சுற்றிய டிவி, பாத்திரங்கள், ஒரு ஆடு, குழந்தைகள், பெரியவர்கள் என்று எல்லாம் வராந்தாவில் இறங்கி ஒழுங்காக நெருக்கி உட்கார்ந்தன. லீவு போட்டு வந்திருந்த ஜிஸ்மி தண்ணீர் அளக்கும் கோலோடு பின்பக்கம் நின்றிருந்தாள். ஏலிக்குட்டி கப்பைக்கிழங்கை அவித்து, மிளகாய்ச் சம்மந்தி அரைத்து, கதவு வழியாக நீட்டினாள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தான் நல்லவள்தான் என்று அவளுக்கு அப்போது திருப்தியாக இருந்தது.

தண்ணீர் டிரம்களைத் தொட்டது. வீடு அடியில் லேசாக முனகியது. வெளியே குழந்தைகள் கை தட்டினார்கள். ஏலிக்குட்டி மேஜை மேல் வைத்திருந்த காப்பி டம்ளர் தானாக நகர்ந்து, வாசலைப் பார்த்துப் போய், கீழே விழுந்தது.

கிழக்கே படுக்கையறைப் பக்கம் எழும்பிவிட்டது. மேற்கே வராந்தா எழும்பவில்லை. சாய்ந்த வீடு கம்பத்தில் கடித்துக்கொண்டு, இரும்பு இரும்பை உரசும் சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் சுற்றி வந்த ஜிஸ்மியின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது பேரைத் தாங்கும் வீடு அது, கணக்கில் பிசகு இல்லை. ஆனால் அந்த முப்பது பேர் வீடு முழுக்கப் பரவி இருப்பார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பிறந்து வளர்ந்த வீட்டில் யார் எதுவரை வருவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, வராந்தால கனம் ஜாஸ்தி. இப்படியே விட்டா இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி உள்ள ஏறிடும்" என்றாள்.

சொன்னது வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்டது. காளிக்குட்டி எழுந்து தன் மூட்டையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். உத்தமன் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

"நாங்க வள்ளத்துலயே இருந்துக்கறோம் மோளே" என்றாள் காளிக்குட்டி. "வீடு எழும்பட்டும். அது எங்களுக்கும்தானே."

வெளியே உடைந்த வரம்பு வழியாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. அந்த வள்ளம் இத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்காது என்பது குட்டநாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஏலிக்குட்டிக்கும் தெரியும். இருந்தும் ஒரு கணம், போகட்டும், முகாம் படகு வந்துவிடும் என்று அவள் மனசு சொன்னது. பின்னால் படுக்கையறையில் அவளுடைய கட்டில் இருந்தது, வெள்ளை விரிப்பு போட்டது. அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூசுகிறது.

"காளிக்குட்டி, உள்ள வா" என்றாள்.

காளிக்குட்டி நின்றாள். "காலெல்லாம் சேறு கொச்சம்மா."

"பரவால்ல, வா."

"வேணாம். தரை புதுசு."

மற்றவர்கள் காளிக்குட்டியைப் பார்த்தார்கள். அவள் நகராமல் அவர்கள் நகரப்போவதில்லை. ஜிஸ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஏலிக்குட்டி வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வந்து, காளிக்குட்டி வழக்கமாக உட்காரும் ஓரத்தில், தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த படியில் காலை வைத்து உட்கார்ந்தாள். வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"என் கனம் உனக்குத் தெரியும்" என்றாள். "நீ உள்ள போனா நானும் எந்திரிச்சு வர்றேன். இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே முங்குவோம்."

காளிக்குட்டி அவளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கொச்சம்மா ஒருத்தி போதுமே, நான் எதுக்கு?" என்று சொல்லி, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிலையைத் தாண்டினாள். அவள் பின்னால் எல்லோரும் தாண்டினார்கள். ஹாலில் கொஞ்சம் பேர், சமையலறையில் கொஞ்சம் பேர், படுக்கையறையில் கொஞ்சம் பேர். சேற்றுக் கால் தடம் எங்கும் பதிந்தது. உத்தமன் ஆட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இவன் எந்த ரூமுக்கு?" என்று கேட்டான்.

காளிக்குட்டி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். ஏலிக்குட்டி வந்து அவளைத் தோளைப் பிடித்து வெள்ளை விரிப்பின் மேல் உட்காரவைத்தாள். அவள் உட்கார்ந்தபோது வீடு ஒரு உதறு உதறியது. கம்பங்கள் கிறீச்சிட்டன. பிறகு சத்தம் எல்லாம் நின்று, ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தன. வீடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஜிஸ்மி வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் வடிந்ததும் வீடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பஞ்சாயத்து ஆட்கள் வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்து, பன்னிரண்டு வீட்டுக்கும் சம்மதம் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானா முடிந்து வந்த ஜிஸ்மி, சாப்பாட்டு மேஜையில் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கான வரைபடத்தை விரித்தாள். வராந்தாவுக்கு அடியில் புதிதாக வட்டங்கள் போட்டிருந்தாள்.

"இங்க டிரம் சேர்த்துட்டேன்மா. இனி எத்தனை பேர் வராந்தால உக்காந்தாலும் வீடு சாயாது. நம்ம வீட்டுக்கும் போட்டுடலாம்."

ஏலிக்குட்டி அந்த வட்டங்களைப் பார்த்தாள். பிறகு வாசல் வழியே வெளியே பார்த்தாள். காளிக்குட்டி முற்றத்துச் சேற்றை வாரிவிட்டு வந்து, வராந்தா ஓரத்தில், காலைப் படியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளம் வராத மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க வீடுகளுக்குப் போடு. அவங்களுக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி" என்றாள் ஏலிக்குட்டி. "இங்க வேணாம்."

"ஏன்? செலவு ஒண்ணும் பெருசில்லையே."

"போட்டா அவ அங்கயே இருந்துடுவா."

ஜிஸ்மி பென்சிலைக் கீழே வைத்தாள். ஏலிக்குட்டி கட்டன்காப்பியை ஊற்றி, வழக்கம்போல வாசலுக்கு எடுத்துப் போகாமல், வரைபடத்தின் மேலேயே வைத்தாள். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காளிக்குட்டி, காப்பி உள்ள இருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

காளிக்குட்டி திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். தோட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு வந்த கால், அதில் சேறு இல்லை. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.